சோடியாகக் குருவி பார்க்கப் போறம், எங்கே போகலாம்? யாழ்ப்பாணத்துத் தாம்போதிகளும் ஒழுங்கைகளும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் இவரும் சனி ஞாயிறில் பைனாகுலரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வெளிக்கிடுவது ஊருக்கே தெரியும். கலியாண வீடோ அந்தியேட்டியோ, எங்கே கண்டாலும் அதே சந்தேகங்கள்தான். லீவுக்கு வரும் வெளிநாட்டுச் சொந்தங்கள் வாட்ஸ்அப்பில் வேறு கேட்பார்கள். ஒருக்கால் எழுதிவைத்தால் அனுப்பிவிடலாமே என்று இதை எழுதினேன். கேள்விகளை ஆக்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

குருவி பாக்கவோ? இஞ்ச காகத்தையும் புலுனியையும் விட்டால் என்ன கிடக்கு?

நிறையக் கிடக்கு. எங்கள் பரவைக்கடலில், அதாவது கடல்நீரேரியில், பல இடங்களில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வராது. நீளக் காலோடு நின்று சேற்றைக் கிண்டித் தின்னும் பறவைக்கு இதைவிட நல்ல சாப்பாட்டுக்கடை இல்லை. சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குளிர் தொடங்கத் தெற்கே இறங்குகிற வாத்துகளும் உள்ளான்களும் இந்தியாவைத் தாண்டினால் அவற்றுக்கு மிஞ்சுகிற தரை இலங்கைதான், அதற்கு அங்கால் வெறும் சமுத்திரம். வடக்கால் வருகிற கூட்டத்துக்கு எங்கள் கரையும் மன்னாரும்தான் வாசற்படி.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கரிச்சான், செம்முதுகுக் கீச்சான், கள்ளிப்புறா, கவுதாரி எல்லாம் எங்களுக்கு வேலியிலும் தரவையிலும் தினம் காண்கிற சாதாரணக் குருவிகள். இலங்கையில் அவை பெரும்பாலும் வடக்கு, வடமேற்கு வரண்ட பக்கத்தோடு நின்றுவிடும். அதனால்தான் கொழும்பில் இருந்து பெரிய கமராவோடு வருகிறவர்கள் எங்கள் கரன்ற் கம்பியில் இருக்கிற கரிச்சானை அரை மணித்தியாலம் நின்று படம் எடுப்பார்கள். நாங்கள் அதைத் திரும்பியும் பார்க்காமல் போகிறோம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வாறம். அப்ப ஏதும் பாக்கலாமோ, இல்லாட்டி டிசம்பரில தான் வரவேணுமோ?

பறவைக்கு என்றே வருவதானால் டிசம்பர் கடைசியில் இருந்து பெப்ரவரி வரை. ஒக்ரோபர், நவம்பரிலேயே வாத்துகள் வந்துவிடும். ஆனால் அது வாடைமழைக் காலம், வெள்ளம் எல்லா இடமும் பரந்து நிற்பதால் பறவைகளும் பரந்து தூரத்தில் நிற்கும். தை பிறந்து தண்ணீர் வற்றத் தொடங்க, மிச்சத் தண்ணீரைச் சுற்றி எல்லாம் ஒன்றுசேரும், கரைக்கும் கிட்ட வரும். பங்குனி, சித்திரையில் திரும்பிப் போகத் தொடங்கிவிடும்.

ஓகஸ்டில் வருகிறவர்களும் கவலைப்படத் தேவையில்லை. உள்ளான் வகைகளில் முந்தி வருபவை அப்போதே தலைகாட்டும், ஊர்க் குருவிகள் எப்போதும் இருக்கும். சோளகக் காற்றில் பைனாகுலர் ஆடும், வெயில் கொல்லும், அவ்வளவுதான். பூநாரையை, அதாவது ஃபிளமிங்கோவை, மட்டும் நம்பி வராதீர்கள்.

காரோ மோட்டார் சைக்கிளோ நல்லது?

எங்கள் வாக்கு மோட்டார் சைக்கிளுக்கு. ஒழுங்கைக்குள் திருப்பலாம், சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே நிற்பாட்டலாம், பின்னால் இருப்பவருக்கு நாலு பக்கமும் வெளி. ஓட்டுகிறவர் றோட்டைத்தான் பார்க்கவேண்டும், பறவை பார்ப்பது பின்னால் இருப்பவரின் வேலை. எங்களுக்குள் ஒரு ஒழுங்கு உண்டு: தோளில் ஒருக்கால் தட்டினால் மெதுவாக்கு, இரண்டு தரம் தட்டினால் நிற்பாட்டு. கத்திச் சொல்லப்போனால் பறவை பறந்துவிடும்.

கார் என்றால் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. ஆள் இறங்காதவரை பறவைகள் காரைப் பொருட்படுத்துவதில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு எஞ்சினை நிற்பாட்டி உள்ளேயே இருந்தால் நெடுங்கால் உள்ளான் பக்கத்தில் வந்து மேயும். கதவைத் திறந்தீர்களோ, போச்சு. சின்னப் பிள்ளைகளோ வயதுபோன அம்மா அப்பாவோ வருவதானால் யோசிக்காமல் காரைப் பிடியுங்கள்.

லட்சக்கணக்கில கமரா வாங்கவேணுமோ?

வேண்டாம். முதலில் ஒரு பைனாகுலர், 8×42 என்று எழுதியது. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீற்றர். பத்து மடங்கு இன்னும் நல்லதுதானே என்று கடையில் சொல்வார்கள். ஆனால் மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் கூடித் தெரியும், தாம்போதியில், அதாவது கடலுக்குக் குறுக்கே போகிற வீதியில், அடிக்கிற காற்றுக்கு அது சரிவராது. ஆளுக்கொன்று இருந்தால் நல்லது. ஒன்றை இரண்டு பேர் மாறிமாறிப் பார்த்தால் மற்றவருக்குக் கைக்கு வரும்போது பறவை அங்கே இராது, அப்புறம் வீடு வரும்வரை அந்தக் கதைதான்.

கைபேசியில் பறவையை இனங்காட்டுகிற மெர்லின் என்ற இலவசச் செயலியைப் போட்டு, எங்கள் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வையுங்கள். மற்றபடி தொப்பி, தண்ணீர், ஒரு சின்னக் கொப்பி. தண்ணீரைக் கொஞ்சம் கூடவே எடுங்கள், தீவுப்பக்கம் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடான இடம்.

ஒரு நாள் தான் இருக்கு. எந்த றோட்டால போறது?

கண்ணை மூடிக்கொண்டு தீவுப்பக்கம் போங்கள். கோட்டையடியில் இருந்து பண்ணைத் தாம்போதியில் ஏறினதுமே தொடங்கிவிடும். மீனவர் வலைகட்ட நட்ட தடிகளின் நுனியில் ஆலாக்களும் நீர்க்காகங்களும் ஆளுக்கொரு தடி பிடித்து இருக்கும். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும், ஆலாவுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், சாட்டி என்று மெதுவாகப் போங்கள். சாட்டிக் கடற்கரையில் கடற்புறாக் கூட்டம் இருக்கும். பிறகு வேலணை, அங்கிருந்து புங்குடுதீவுத் தாம்போதி. எல்லா இடத்திலும் இறங்குவேன் என்றால் பொழுது போதாது. நான் என்றால் நேரத்தில் பாதியை இந்த இரண்டாவது தாம்போதிக்கே வைப்பேன். இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர், வாகனம் குறைவு, நிற்பாட்ட ஓரம் உண்டு. குறிகட்டுவானில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பலாம்.

இந்தப் பாதையை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் வெயில். காலமை மேற்கே போகிறீர்கள், சூரியன் முதுகுப் பக்கம். பின்னேரம் கிழக்கே திரும்புகிறீர்கள், அப்போதும் முதுகுப் பக்கம். பறவையின் நிறம் அப்படியே தெரியும். சூரியனுக்கு எதிரே பார்த்தால் எந்தப் பறவையும் கறுப்புத்தான். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சரிந்து ஓடுவதால் தாம்போதியின் வடக்குப் பக்கத் தண்ணீரில் நிற்பவை அநேகமாக நாள் முழுக்க வடிவாகத் தெரியும். முதலில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

திரும்பும்போது வேறு வழி வேண்டும் என்றால் வேலணையால் ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கிருந்து பாதையில், அதாவது வாகனம் ஏற்றுகிற மிதவையில், மோட்டார் சைக்கிளை ஏற்றிக் காரைநகர் இறங்கி, பொன்னாலைத் தாம்போதியால் பட்டணத்துக்கு வரலாம். அந்த மிதவை அன்றைக்கு ஓடுகிறதா என்று முதலே விசாரியுங்கள். நெடுந்தீவை இதற்குள் திணிக்காதீர்கள். படகில் போய்வரவே நேரம் போய்விடும், அது தனி நாளுக்குரிய இடம்.

விடியவெள்ளன எழும்ப ஏலாது. பத்து மணிக்கு வெளிக்கிட்டால் குறையோ?

தோட்டத்துக் குருவிகளைப் பார்ப்பதானால் குறைதான். ஆறுமணிக்குருவி பெயருக்கு ஏற்றபடி விடியலிலும் பொழுதுபடவும்தான் குரல் காட்டும், வெயில் ஏறினால் நிழலுக்குள் போய்விடும். தண்ணீர்ப் பறவைகள் அப்படியில்லை, மத்தியானமும் அங்கேயேதான் நிற்கும். பிரச்சினை உங்கள் கண்ணுக்குத்தான். சூடேறினதும் தண்ணீருக்கு மேல் கானல் ஆடும், தூரத்துப் பறவை எல்லாம் நெளியும்.

அப்படியானவர்கள் காலமையை விட்டுவிட்டுப் பின்னேரம் மூன்றரைக்கு வெளிக்கிடுங்கள். தையில் ஆறு மணி தாண்டித்தான் பொழுதுபடும், தாராளமான நேரம். அரைகுறையாகப் பத்து மணிக்குப் போய் மத்தியான வெயிலில் இரண்டு பேரும் ஆளையாள் கோபித்துக்கொண்டு திரும்புவதைவிட அது மேல்.

ரெண்டாம் நாளும் இருக்கெண்டால்?

வடமராட்சிப் பக்கம். வல்லைவெளியில் பருத்தித்துறை வீதி தண்ணீருக்குக் குறுக்கே போகிறது. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி எல்லாம் அங்கே கூட்டமாக மிதக்கும். வேகமாக வாகனம் ஓடுகிற வீதி என்பதால் பாலத்தில் நிற்காமல் ஓரமாக இறங்கி நில்லுங்கள். அங்கிருந்து கப்பூது வெளி, தென்மராட்சிக்குள் இறங்கினால் சரசாலைக் குருவிக்காடு. குருவிக்காட்டுக்குப் பின்னேரம் போங்கள். கண்டல்களில் அடைய வருகிற கொக்குகளும் நாரைகளும் இடத்துக்குச் சண்டைபிடிக்கிற சத்தம் தூரத்திலேயே கேட்கும்.

இடையில் பனங்கூடல்களைச் சும்மா கடந்து போகாதீர்கள். மொட்டைப் பனைகள், அதாவது ஷெல்லடியிலும் இடியிலும் தலைபோனவை, பொந்துப் பறவைகளுக்கு வீடு. கிளியும் பனங்காடையும் அதற்குள்தான் குஞ்சு பொரிக்கும். உட்கார்ந்திருக்கும்போது பனங்காடை மங்கலான மண்ணிறத்தில் ஒன்றுக்கும் உதவாத குருவி மாதிரி இருக்கும். அது எழும்பிப் பறக்கும்வரை காத்திருங்கள், இறக்கை விரிகிறபோது ஒரு நீலம் தெரியும் பாருங்கள், அதற்குப் பிறகு எந்தக் கம்பியில் எது இருந்தாலும் திரும்பிப் பார்ப்பீர்கள். பச்சையோலையின் அடியில் பனை உழவாரன் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு கட்டும். அண்ணாந்து பார்த்தால் ஓலையைச் சுற்றிச் சுற்றி வருவது தெரியும்.

பூநாரை எங்க நிக்குது? முகநூலில போடுற ஆக்கள் இடத்தைச் சொல்லுறாங்கள் இல்லை.

நானும் சரியான இடத்தை எழுதமாட்டேன், கோபிக்காதீர்கள். கூட்டம் நிற்கிற இடம் பரவினால் அடுத்த ஞாயிறு அங்கே ட்ரோனும் செல்பியும். தாரா இறைச்சிக்கு ஆசைப்பட்டுக் கண்ணி வைக்கிறவர்களும் அதே முகநூலைத்தான் பார்க்கிறார்கள். மண்டைதீவுப் பக்கம், வல்லைவெளி, ஆனையிறவு, சுண்டிக்குளம், இவற்றில் எங்காவது ஒரு பருவத்தில் நிற்கும் என்று பொதுவாகச் சொல்லலாம்.

ஒரு இடத்தில் நிரந்தரமாக நில்லாததற்குக் காரணம் உண்டு. பூநாரை தலையைக் கவிழ்த்து, சொண்டைத் தண்ணீருக்குள் தலைகீழாக வைத்து, சின்னக் கூனிகளையும் பாசியையும் வடித்துத் தின்னும். அதற்குத் தண்ணீரின் ஆழமும் உப்பும் அளவாக இருக்கவேண்டும். மழை கூடினால் ஓரிடம், குறைந்தால் வேறிடம். காற்றுக்கூட மாற்றும். எங்கள் கரையில் வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்குக் குறைவு, பலமான காற்று ஒன்று இரண்டு நாள் அடித்தால் பரவைக்கடலின் ஒரு பக்கம் தண்ணீர் ஏறி மற்றப் பக்கம் சேறு தெரியும்.

தூரத்தில வெள்ளையா வரிசையா நிக்குது. பூநாரையோ, நாரையோ, கொக்கோ, எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

நிறத்தை விடுங்கள், என்ன செய்கிறது என்று பாருங்கள். தலை காலடியில் தண்ணீருக்குள் இருந்து மெதுவாக நடந்தால் பூநாரை. சொண்டை இரண்டு பக்கமும் புல்லுவெட்டுகிற மாதிரி வீசிக்கொண்டு நடந்தால் கரண்டிவாயன். மஞ்சள் சொண்டை வாய் திறந்தபடி தண்ணீருக்குள் விட்டு நின்றால் சங்குவளை நாரை. அதன் நெஞ்சில் கறுப்புப் பட்டியும் பின்பக்கம் இளஞ்சிவப்பும் இருக்கும், பலர் அந்தச் சிவப்பைக் கண்டுதான் பூநாரை என்று படம் போடுகிறார்கள். அசையாமல் தவம் கிடந்து சட்டென்று குத்தினால் கொக்கு.

பூநாரைக் கூட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் நிற்பவை வேறு சாதி இல்லை, குஞ்சுகள். அந்தச் சிவப்பு சாப்பாட்டால் வருவது, முழுதாக ஏறச் சில வருசம் பிடிக்கும். இன்னும் சந்தேகம் என்றால் பறக்கும்வரை பொறுங்கள். கழுத்தும் காலும் ஒரே நீட்டுக்கு, இறக்கையில் சிவப்பும் கறுப்பும். துரத்திப் பறக்கவிடாதீர்கள், தானாகப் பறக்கட்டும்.

நாங்கள் சோடியா ஒதுக்குப்புறத்தில நிண்டால் ஆக்கள் ஒரு மாதிரிப் பாக்கமாட்டினமோ?

பார்ப்பார்கள், கேட்பார்கள். கலியாணம் கட்டி எத்தனை வருசம் போனாலும் கேட்பார்கள். இதற்கு நல்ல வழி, அவர்கள் கேட்க முதல் நாங்கள் கதைப்பது. "அண்ணை, குருவி பாக்க வந்தனாங்கள், இந்தப் பக்கம் தாரா நிக்குதோ?" என்று கேட்டால் முகம் மாறிவிடும். ஒருமுறை புங்குடுதீவில் மாடு மேய்த்த ஐயா ஒருவர் என்ன தேடுகிறீர்கள் என்று கடுமையாகத்தான் தொடங்கினார். பைனாகுலரைக் கொடுத்து ஆட்காட்டியைக் காட்டினோம். "இவன் தானே இரவிரவாய்க் கத்துறவன்" என்று சிரித்துவிட்டு, அது முட்டையிடுகிற தரவையைக் கையைக் காட்டிச் சொன்னார்.

தனியே ஒரு வளவின் வாசலில் நின்று உள்ளே பைனாகுலரைத் திருப்பாதீர்கள். கடற்கரையில் குளிக்கிற இடத்திலும் வேண்டாம். பொலிசோ கடற்படையோ விசாரித்தால் அடையாள அட்டையைக் காட்டிப் பறவைப் படங்களைக் காட்டுங்கள், எரிச்சல்படாமல் பதில் சொன்னால் சோலி முடிந்தது. மலசலகூடம் எங்கே என்பதும் இந்தக் கேள்விக்குள்தான் வரும். பெண்களுக்கு அது பெரிய விசயம். சாப்பாட்டுக்கடை, கோயிலடி, பெற்றோல் செற் என்று எதைக் கண்டாலும் தேவை வர முதலே போய்விடுங்கள், தாம்போதியில் பற்றைகூட இல்லை.

இவருக்குக் குருவியில விருப்பமே இல்லை. கூட்டிக்கொண்டு போனால் பத்து நிமிசத்தில போவமோ எண்டுவார். என்ன செய்யிறது?

அவருக்கு வேறு வேலை கொடுங்கள். எங்கள் வீட்டில் ஓட்டுவதும் கணக்கெழுதுவதும் இவர். பெயர் சொல்வது நான். எத்தனை என்று எண்ணச் சொன்னால் ஆண்களுக்கு எங்கிருந்தோ ஆர்வம் வந்துவிடுகிறது, இது என் கண்டுபிடிப்பு. இடையில் நல்ல சாப்பாடும் வேண்டும். சுடச்சுட வடை கிடைக்கிற கடையைப் பாதைக்குள் சேர்க்காமல் யாரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அதற்கும் சரிவராவிட்டால் அவரைச் சாட்டியில் கடல்குளிக்க விட்டுவிட்டு நீங்கள் பாருங்கள்.

மிதிவெடிப் பயம் இன்னும் இருக்கோ?

மேலே சொன்ன வீதிகளில் சனம் தினமும் போய்வருகிறது, பயமில்லை. முகமாலை, கிளாலிப் பக்கங்களில் நீண்டகாலம் வெடியகற்றும் வேலை நடந்தது. மண்டையோட்டுப் படத்தோடு சிவப்புப் பலகை கண்டால் அதற்கு அங்கால் ஒரு அடியும் வேண்டாம், எந்தப் பறவைக்காகவும். பலகை இல்லாத இடத்திலும் பற்றைக்குள் புது வழி வெட்டிப் போகாமல், மாட்டுத் தடமோ வண்டில் தடமோ உள்ள வழியால் போங்கள். முகாம்கள் பக்கம் கமராவைத் தூக்காதீர்கள், முகாம் வேலியில் கொண்டலாத்தி இருந்தாலும் சரி.

சுண்டிக்குளம் நல்லம் எண்டுறாங்கள். உங்கட பட்டியலில ஏன் முதலே இல்லை?

நல்ல இடம்தான். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்து, 2015இல் தேசிய பூங்கா ஆக்கிய இடம். ஆனால் முதல்முறை போகிறவர்களுக்குத் தூரம். புதுக்காட்டுச் சந்தியால் திரும்பி மருதங்கேணி வழியாகக் கரையோடு இறங்கவேண்டும், கடைசிப் பகுதியில் மணல். மழைக்குப் பிறகு மோட்டார் சைக்கிள் சறுக்கும். பூங்கா என்பதால் உள்ளே போக வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி விவரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், ட்ரோன் கதையே எடுக்கவேண்டாம்.

வெயில் கணக்கும் இங்கே தலைகீழ். தீவுப் பாதைக்குச் சொன்னதை இங்கே பாவித்தால் பிழைக்கும். ஆனையிறவும் சுண்டிக்குளமும் பட்டணத்துக்குத் தென்கிழக்கே, காலமை போனால் சூரியன் நேரே முகத்தில். அதனால் நாங்கள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெளிக்கிட்டு, ஆனையிறவுப் பக்கத்தைப் பின்னேரம் பார்ப்போம்.

சங்குப்பிட்டியால மன்னாருக்குப் போறம். வழியில எந்தப் பக்கம் பாக்கிறது?

வலப்பக்கம், போகும்போதும் வரும்போதும். நாவற்குழியில் திரும்பித் தனங்கிளப்பு, சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி என்று வீதி பொதுவாகத் தெற்கே போகிறது. காலமை சூரியன் இடப்பக்கம், வலப்பக்கப் பறவை வெளிச்சத்தில். பின்னேரம் வடக்கே திரும்புகையில் சூரியன் மேற்கே, அதுவும் உங்கள் இடப்பக்கம். 2011இல் பாலம் திறந்தபிறகு இந்த வழியால் வாகனம் கூடிவிட்டது, எங்கள் நாட்டில் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம், ஆகவே நிற்பாட்டிவிட்டு வீதியைக் குறுக்கறுக்கும்போது கண்ணைப் பறவையில் வைக்காமல் லொறியில் வையுங்கள்.

மன்னாரில் வங்காலைச் சரணாலயம் 2010இல் இருந்து ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ளது என்று பட்டியலிட்ட ஈரநிலம். அங்கே ஒரு இரவு தங்கவேண்டும். நண்டு உண்ணி என்ற கரைப்பறவையைப் பார்க்கவேண்டும் என்று நிற்பவர்களுக்கு மன்னார்தான் இடம்.

பரவைக்கடலை நன்னீராக்கினால் பூநாரை எல்லாம் போயிடுமோ? தண்ணி வேணுமெல்லோ எங்களுக்கும்?

இதுதான் கஷ்டமான கேள்வி, சோடியாக வருகிறவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்புக் கட்டி, ஆனையிறவுக் கடல்நீரேரியில் மழைத்தண்ணீரைத் தேக்கிக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் யோசனை கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருந்தே இருக்கிறது. எங்கள் கிணறுகள் உவராகிற நிலையில் அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தோட்டம் செய்கிற மாமாவுக்கு முன்னால் பூநாரைக்காக வாதாடிப் பாருங்கள், தெரியும்.

ஆனால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. அம்பாந்தோட்டைப் பக்கம் புந்தல, இலங்கையின் முதல் ராம்சார் இடம், ஒருகாலத்தில் பூநாரைக்குப் பேர்போனது. மேலே நீர்ப்பாசனத் திட்டம் வந்து வயல் கழிவுத்தண்ணீர் அந்த ஏரிகளுக்குள் இறங்க உப்புக் குறைந்தது, பூநாரைக்குரிய தீன் குறைந்தது, கூட்டமும் குறைந்துபோனது. உப்புத்தண்ணீர் நன்னீரானால் பறவையே இராது என்பதில்லை, வேறு பறவை வரும், தாராவும் தாமரைக்கோழியும் கூடும். பூநாரையும் வேண்டும் என்றால் ஆழமில்லாத உப்புப் பகுதிகளில் சிலதையாவது அப்படியே விடவேண்டும். எந்தப் பகுதியை விடுவது என்று கேட்கிற நாள் வந்தால், எந்த மாதம் எங்கே எத்தனை நின்றது என்ற கணக்கு யாரிடமாவது இருக்கவேண்டும். ஆகவே பார்த்ததை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையத்தளத்தில் திகதி, இடம், எண்ணிக்கையோடு பதியுங்கள், கூட்டுக்குக் கிட்ட நின்ற விவரம் மட்டும் வேண்டாம்.